இடது குழல்

நாலாடி, குடகு
10 செப்டம்பர் 1986

அன்பு மோன் நாச்சப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம், நாய் நலம், முழங்கால் வலி எங்கள் இருவரையும்விட நலம். இந்த வருஷம் மழை ஆகஸ்டு முடிவதற்குள்ளேயே களைத்துப் போய்விட்டது, ஆற்று நடைபாலத்தை மறுபடி கட்டியாகிவிட்டது, காப்பிச் செடியில் காய் பரவாயில்லை, கிழக்குச் சரிவில் மட்டும் காம்பு அழுகிக் கொஞ்சம் கொட்டிப் போனது. மிளகைப் பற்றிக் கேட்காதே, கேட்டால் கடிதம் முழுக்க அதுவே இருக்கும். அங்கே அஸ்ஸாமில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, சோறு யார் சமைக்கிறார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாயா என்றெல்லாம் நீ எழுதுவதே இல்லை. காப்பிக்காரன் மகன் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் பார்க்கிறான் என்று பக்கத்து வீட்டு நீலம்மா பார்க்கும் போதெல்லாம் குத்திக் காட்டுகிறாள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. கொசுவலையில் ஓட்டை இருந்தால் தைத்துக்கொள், இரவல் ஊசியாவது வாங்கிக்கொள்.

மே மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு நான் இதுவரை பதில் போடவில்லை. அதற்குப் பிறகு எழுதிய இரண்டு கார்டுகளிலும் அதைத் தொடவில்லை, நீயும் கவனித்திருப்பாய். அம்மாவின் வருஷத் திதிக்கு வரமுடியாது, வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய். அது பொய் என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: உங்களுக்கு ஏதாவது ஆனால் பெள்ளியப்பா மாமாவைச் சாவு வெடி வெடிக்கச் சொல்லுங்கள், நான் இனி அந்தத் துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று. என் சாவுக்கு நீ முன்னேற்பாடு செய்ததில் எனக்குக் கோபம் இல்லை, என்றைக்காவது யாராவது பேசவேண்டியதுதான். ஆனால் தகப்பனுக்கு மகன் வெடிக்காமல் மைத்துனன் வெடித்தான் என்றால் நான் பாடையில் எழுந்து உட்கார்ந்து ஏன் என்று கேட்பேன். அந்த வரியைப் படித்த பிறகுதான் துப்பாக்கியை ஆணியிலிருந்து இறக்கினேன். இத்தனை மாதமாக உனக்குப் பதில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன், பேனாவால் அல்ல, அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்ததை மறுபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். உனக்குத் தெரிந்தது பாதிதான். போன வருஷம் ஜூலையில், அந்தப் பேய்மழைக் காலையில் உன் அம்மா கண்ணை மூடினாள். தந்திக் கம்பம் சாய்ந்து கிடந்தது, நடைபாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அக்கரையில் இருக்கிற உன் மாமனுக்குச் சேதி சொல்ல வெடியைத் தவிர வேறு வழி இல்லை. நீதான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாய். பழைய இரட்டைக்குழல் அது, குழலுக்கு ஒரு குதிரை, அந்தச் சுத்தியலைக் கட்டைவிரலால் தூக்கி நிறுத்தினால்தான் விசையை இழுத்து வெடிக்க முடியும். மழையில் நமத்துப் போகாமல் வீட்டில் மிச்சம் இருந்ததே இரண்டு தோட்டா. வலது குழல் வெடித்தது. இடது வெடிக்கவில்லை. நீ துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்து, "இடது குதிரையைத் தூக்கி நிறுத்தினேனான்னு ஞாபகமே இல்லப்பா, கை ஆடிட்டே இருந்துச்சு" என்றாய். நான் உன் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வெடி என்றால் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, இரண்டு என்றால் சாவு. இந்த மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். நீலம்மாவின் மருமகள் அக்கம்மாவுக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது அல்லவா, ஊரே குடையைப் பிடித்துக்கொண்டு நீலம்மா வீட்டுக்குப் போய் நின்றதாம். ஒருத்தி தேன் புட்டியோடு போனாளாம். அக்கம்மா அப்போதுதான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாளாம். "பையன் எங்கேன்னு கேக்கறாங்க, நான் வயித்தைத் தொட்டுக் காட்டறேன், என்னத்தைச் சொல்ல" என்று நீலம்மா இதைச் சொல்லும்போது இன்றைக்கும் சிரிக்கிறாள், சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைக்கிறாள். அப்படித்தான் நம் வீட்டு முற்றம் வெகுநேரம் காலியாகக் கிடந்தது. சுற்றுவழியில் நாம் அனுப்பிய ஆள் அக்கரை போய்ச் சேர்வதற்குள் உன் மாமன் மைசூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டான். மறுநாள் அவன் வந்தபோது சிதை அடங்கியிருந்தது. சாம்பலைத்தான் பார்த்தான். எல்லோர் முன்னாலும் அவன் உன்னைப் பார்த்து, "ரெண்டு விசை இழுக்கத் தெரியாதவன் எல்லாம் எதுக்குடா குடகில் பொறந்தே, எங்கக்கா மூஞ்சியைப் பாக்கவிடாம பண்ணிட்டியே" என்று கத்தினான். நீ தலையைக் குனிந்துகொண்டாய். பதினாறாம் நாள் சடங்கு முடிந்த கையோடு ரயில் ஏறியவன்தான்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். பட்டாளத்தில் லாரி எஞ்சினையே கழற்றி மாட்டியவனுக்கு இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். முதல் நாளே அந்த நினைப்பு இறங்கிவிட்டது. லாரிக்கு உதவும் திருப்புளியை வைத்து, குதிரையை இயக்கும் பூட்டின் தகட்டுத் திருகைத் திருப்பினேன். அதன் தலை நாய் கடித்த எலும்பு மாதிரி ஆகிவிட்டது. பூட்டைப் பிரித்தால் உள்ளே கவட்டை மாதிரி மடிந்த வில் ஒன்று, அதை இடுக்கியால் பிடித்து அமுக்கி எடுக்கவேண்டுமாம், எனக்கு யார் சொன்னார்கள், விரலால் நெம்பினேன். அது தெறித்து என் மூக்குக்கண்ணாடியில் அடித்து, கண்ணாடி விரிசல் விட்டு, வில் எங்கே போனது என்று பகல் முழுக்கத் தேடி, கடைசியில் நாயின் சோற்றுத் தட்டில் கிடைத்தது. அது வரைக்கும் நாய் பட்டினி. விராஜ்பேட்டையில் துப்பாக்கி பழுது பார்க்கிற உஸ்மானிடம் கொண்டுபோனேன். "மாச்சையாரே, வெச்சுட்டுப் போங்க, தீபாவளி கழிச்சுப் பாக்கலாம்" என்றான். நான் கொடுக்கமாட்டேன், எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லு என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அடுத்து பல்லும் நீங்களே பிடுங்கிக்குவீங்களா" என்று கேட்டான். ஆனாலும் திருகின் பிளவுக்கு ஏற்றபடி திருப்புளியை அரத்தால் ராவிக்கொள்ளச் சொன்னான், வில்லை அமுக்கும் இடுக்கி ஒன்றை இரவல் கொடுத்தான். குழலைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தேன் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான்.

குழல் நல்ல குழல், மோனே. கட்டையிலிருந்து கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு விரலால் சுண்டிப் பார்க்கச் சொன்னான் உஸ்மான். இரண்டு குழலையும் சேர்த்திருக்கும் பற்று எங்காவது விட்டிருந்தால் உடைந்த பானை மாதிரி சத்தம் வருமாம். நான் நடுக்கூடத்தில் தொங்கவிட்டுச் சுண்டினேன், இக்குத்தப்பன் கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தது. கேட்டுக்கொண்டே நின்றேன், மறுபடி சுண்டினேன். நாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. கட்டையில் இருந்த வெடிப்பை ஒட்டி, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினேன், உன் தாத்தாவின் கன்னம் பட்டுத் தேய்ந்த இடம் இப்போது தனியாகப் பளபளக்கிறது. இதெல்லாம் நான் பெருமைக்கு எழுதுகிறேன், கொஞ்சம் பெருமைப்பட விடு.

இப்போது விஷயம். வலது பக்கத்தை முழுக்கச் சரிசெய்த பிறகுதான் இடது பக்கத்தைத் திறந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. உள்ளே பழுது ஒன்றும் இல்லை என்றால் பழி உன்மேல்தான் நிற்கும். இடது குதிரை போய் அடிக்கிற ஊசி இருக்கிறதே, அது தன் பொந்துக்குள் அசையவே இல்லை. கம்பியால் கிளறினேன், மெழுகு மாதிரி மஞ்சளாக ஒன்று சுருள் சுருளாக வந்தது. முகர்ந்து பார்த்தேன். காறிப்போன தேங்காய் எண்ணெய், அதற்கு அடியில் சந்தன வாசனை. உனக்கே புரிந்திருக்கும். ஒவ்வொரு கைல்பொளுது ஆயுத பூசைக்கும் முன்னால் உன் அம்மாதான் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவாள், வேறு யாரையும் தொடவிடமாட்டாள். தோட்டா நிரப்பும் கடைக்காரன் ஒருமுறை வேறு எண்ணெய் கொடுத்தபோது, "தலைக்கு ஆகற எண்ணெய் துப்பாக்கிக்கு ஆகாதா, என்ன பெரிய துரைத்தலை இது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சந்தனத்தை இழைத்துக் கலந்து, கோழி இறகால் துளைக்குத் துளை விட்டிருக்கிறாள், வருஷா வருஷம். ஜூலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்று புட்டியைப் பார்த்தாலே தெரியும். நாம் யாரும் யோசிக்கவில்லை.

வலது ஊசியிலும் அதே எண்ணெய்தான் போட்டாள், அது ஏன் அடைக்கவில்லை என்று நீ கேட்பாய், நானும் கேட்டுக்கொண்டேன். கைல்பொளுதில் தேங்காயைக் குறிபார்த்துச் சுடும்போது நாம் எல்லோரும் முன்விசையைத்தான் இழுக்கிறோம். ஆளுக்கு ஒரு வெடி, வலது குழல், அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். அடி பட்டுப் பட்டு வலது ஊசி தன்னைத் தானே துடைத்துக்கொண்டது. இடது குழலைச் சாவுக்கு மட்டுமே தொடுகிறோம். உன் தாத்தா போனபிறகு அதை யாரும் தொடவே இல்லை. அப்போது நீ பள்ளிக்கூடப் பையன். தேவைப்படாமலே இருக்கட்டும் என்று நாம் விட்டுவைத்த குழல் அது, தேவைப்பட்ட அன்றைக்கு அதற்கு அசைய முடியவில்லை.

இதைக் கண்டுபிடித்தும் என் மனசு ஆறவில்லை. எண்ணெய் உறைந்திருந்தது சரி, ஆனால் நீ குதிரையைத் தூக்கினாயா இல்லையா என்பது அதனால் தெரியாதே. நீ அங்கே உட்கார்ந்து அதைத்தானே நினைத்துக்கொண்டிருப்பாய். அப்புறம்தான் அந்தத் தோட்டா ஞாபகம் வந்தது. ஆட்கள் வருவதற்கு முன்னால் துப்பாக்கியை மடக்கி இரண்டையும் உருவி என் கம்பளிக் கோட்டுப் பையில் போட்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு அந்தக் கோட்டை நான் போடவே இல்லை. பெட்டியைத் திறந்து கையை விட்டால் இரண்டும் இருந்தன, வெடித்தது ஒன்று, வெடிக்காதது ஒன்று. வெடிக்காததன் அடியில், ஊசி வந்து அடிக்கிற பித்தளைப் பொட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது, மோனே. சின்னப் பள்ளம். மாவு உருண்டையில் நகம் பட்டதுபோல. நீ குதிரையைத் தூக்காமல் இருந்திருந்தால் அந்தப் பள்ளம் வந்திருக்காது. பின்விசையை இழுக்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்காது. தோட்டா நமத்திருந்தால் பள்ளம் ஆழமாக விழுந்திருக்கும். நீ தூக்கினாய், இழுத்தாய், குதிரை விழுந்தது, ஊசிதான் எண்ணெய்க்குள் இழுபட்டு மெதுவாகப் போய்த் தொட்டது. ஞாபகம் இல்லை என்றாயே, உன் கைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், வெகுநேரம். உனக்காகவா அவளுக்காகவா என்று தெரியவில்லை.

நீ என் பேச்சை நம்பமாட்டாய், மனசு ஆறட்டும் என்று சொல்கிறேன் என்பாய். அதனால் இந்தத் தாளின் பின்பக்கம் பார். தோட்டாவின் அடிப்பாகத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து இரண்டு வட்டம் எடுத்திருக்கிறேன். மெதுவாகத்தான் தேய்த்தேன், பயப்படாதே. முதல் வட்டம் வெடித்தது, நடுவில் வெள்ளை பெரிதாக விழுந்திருக்கும். இரண்டாவதில் கடுகளவு வெள்ளை. அந்தக் கடுகளவு உன் கை செய்தது.

துப்பாக்கியையும் தோட்டாவையும், ஒரு வாழையிலைத் துண்டில் மடித்த அந்தச் சுருள் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு, புதுப் பாலத்தைத் தாண்டி உன் மாமன் வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷமாக அவன் நம் வாசலை மிதிக்கவில்லை, நானும் போகவில்லை. களத்தில் நின்றுகொண்டிருந்தவன் திரும்பாமலே, "எதுக்கு பாவா துப்பாக்கியோட வர்றே, என்னைச் சுடவா" என்றான். உனக்கு ஒரு தோட்டாவை வீணாக்குவேனா என்றேன். தோட்டாவைக் கையில் கொடுத்தேன், கண்ணாடி கொண்டுவரச் சொல்லிப் பார்த்தான். பிறகு இலையைப் பிரித்து மூக்கருகில் கொண்டுபோனான். அவ்வளவுதான், மனுஷன் அப்படியே களத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "இது எங்கக்கா எண்ணெய் பாவா, என் தலையில வெச்சுத் தேய்ச்சு வளத்தாளே, எனக்குத் தெரியாதா" என்றான். பிறகு அவன் சொன்னதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். "அன்னைக்கு அந்த ஒத்தை வெடியைக் கேட்டதும் நான் சிரிச்சேன். நீலம்மாவுக்குப் பேரன் பொறந்துட்டான்டின்னு உள்ளே பாத்துச் சொல்லிட்டு, சீட்டி அடிச்சுட்டே பஸ்ஸுக்குப் போனேன். எங்கக்கா செத்த சத்தத்தைக் கேட்டுச் சிரிச்சிருக்கேன் பாவா. அதைத் தாங்க முடியாமத்தான் அந்தப் பையன்மேல போட்டேன்" என்றான். அவனுக்கு எழுத வராது, வந்தாலும் எழுதமாட்டான். "அவனை வரச்சொல்லு, நான் அவன் கையைப் பிடிக்கணும்" என்று மட்டும் எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன்.

உன் அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஊசிப் பொந்தைத் துடைக்க எனக்கு மனசே வரவில்லை. துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் கை கடைசியாகப் பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. மறுநாள் துடைத்தேன். துப்பாக்கி துப்பாக்கியாக இருக்கவேண்டும், வேறென்ன செய்ய.

சரிசெய்ததைச் சோதிக்கவேண்டுமே, அதுதான் பெரிய பாடாக இருந்தது. நீலம்மா முன்கூட்டியே வேலியோரம் வந்து, "மாச்சையா, சும்மா வெடிச்சுப் பாக்கறேன்னு கிளம்பிடாதே. தேனோட வர்றதா, தலைவிரி கோலமா வர்றதான்னு எனக்குத் தெரியாது" என்று எச்சரித்துவிட்டாள். அதனால் கைல்பொளுது வரைக்கும் காத்திருந்தேன், அன்றைக்குத்தான் மலை முழுக்கச் சத்தம், யார் வெடித்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். துப்பாக்கியைப் பழைய லாரி டயரில் கட்டி, விசையில் கயிறு மாட்டி, பலாமரத்துக்குப் பின்னால் நின்று இழுத்தேன். வலது வெடித்தது. இடதை இழுக்கும்முன் கொஞ்ச நேரம் நின்றேன். வெடித்தது. மறுபடி தோட்டா போட்டு இழுத்தேன், மறுபடியும் வெடித்தது. உன் மாமன் வந்திருந்தான், கடம்புட்டும் பன்றிக்கறியும் அவன் வீட்டிலிருந்தே கொண்டுவந்தான். பூசைக்கு வைத்தபோது இடது குழலில் காந்தள் பூவை அவனே செருகினான், வலதுக்கு வைக்க மறந்தே போனான், நான் வைத்தேன். அந்தப் பள்ளம் விழுந்த தோட்டாவை நானே வெடித்துவிடட்டுமா, அக்காவுக்குப் பாக்கி நிற்கிறதே என்று கேட்டான். கொடுக்கமாட்டேன், அது நாச்சப்பாவுடையது என்றேன். சரி என்று ஒத்துக்கொண்டான்.

அதனால் புத்தரி அறுவடைப் பண்டிகைக்கு வா. அப்போது உங்கள் தேயிலையில் கொழுந்து கிடையாது, கிளை வெட்டும் கவாத்து வேலைதான். விடுமுறை தரமாட்டார்கள் என்று எனக்குக் கதை விடாதே, நான் விசாரித்துவிட்டேன். வயலில் முதல் கதிரை அறுக்கும்போது ஒரு வெடி வெடிக்கவேண்டும் அல்லவா, அதை நீ அந்தத் தோட்டாவை இடதில் போட்டு வெடி. அடுப்புக்கு மேலே காயவைத்துத்தான் வைத்திருக்கிறேன். வெடிக்காவிட்டால் அது தோட்டாவின் குற்றம், வலதில் புதிது ஒன்று இருக்கும், கதிர் காத்திருக்காது. வெடித்தால் உன் அம்மாவுக்குக் கேட்கும் என்று நான் நினைக்கிறேன். நீ என்ன நினைக்கிறாயோ எனக்குத் தெரியாது.

காவேரியம்மையும் இக்குத்தப்பனும் நம் வீட்டு முன்னோர்களான காரணவர்களும் உன் கூடவே இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி தூங்கு. ரயிலில் மேல் படுக்கை வாங்காதே, சின்ன வயசில் விழுந்திருக்கிறாய்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முன்விசை வலது, பின்விசை இடது. புத்தரிக்கு ஒன்று போதும். என் முறை வரும்போது இரண்டையும் நீதான் இழுக்கவேண்டும். இரண்டும் வெடிக்கும். நான் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா
மாச்சையா